கொலோனோஸ்கோபிக்கு முந்தைய நாள்: சர்க்கரை நோயாளிகளும் பதற்றம் உள்ளவர்களும் அறிய வேண்டியவை

புதுடெல்லி: பெருங்குடலின் உட்புறத்தைக் கேமரா பொருத்திய குழாய் மூலம் பார்த்து அறியும் கொலோனோஸ்கோபி பரிசோதனை, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய ஒன்றரை நாள்தான் கடினம். திட உணவு கிடையாது. லிட்டர் கணக்கில் பேதி மருந்து குடிக்க வேண்டும். கட்டிலுக்கும் கழிவறைக்குமாக நடக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சோர்வோடு போய்விடும் இந்த ஆயத்தம், வேளை தவறாமல் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்கு ஆபத்தாகவும் மாறக்கூடும். மனப் பதற்றமும் சேர்ந்துகொண்டால், எது நோயின் அறிகுறி, எது அச்சத்தின் அறிகுறி என்பதே குழம்பிவிடுகிறது.

இந்தச் சிக்கல் ஒரு சிலருக்கு மட்டும் உரியது அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அமெரிக்காவில் 45 வயதைக் கடந்தவர்களுக்கு, எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், பெருங்குடல் புற்றுநோய்க்கான முன்கூட்டிய பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. இந்தியாவின் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றுள்ளன. எனவே இங்கு கொலோனோஸ்கோபிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மலத்தில் இரத்தம், காரணம் புரியாத இரத்தசோகை, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம் என ஏதோ ஒரு தொல்லையுடன்தான் வருகிறார்கள். முடிவு என்னவாக இருக்குமோ என்ற அச்சம் அவர்களுடனேயே வந்துவிடுகிறது.

நல்லது என்று சொன்னதெல்லாம் தள்ளிவைக்க வேண்டியவை

பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே நார்ச்சத்துக் குறைந்த உணவுக்கு மாறும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள். கீரை, சிறுதானியம், முழுக்கோதுமை, தோலுடன் கூடிய பயறு, கொய்யா, மாதுளை, எள், நிலக்கடலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். வெள்ளைச் சோறு, இட்லி, ரவை உப்புமா, தயிர், தோல் நீக்கிய பாசிப்பருப்புக் கிச்சடி போன்றவை பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் எதைச் சாப்பிடச் சொன்னார்களோ அதை நிறுத்தவும், எதைக் குறைக்கச் சொன்னார்களோ அதைச் சாப்பிடவும் சொல்வதால் சர்க்கரை நோயாளிகள் திகைப்பது இயல்பே. இது மூன்று நாள் ஏற்பாடு மட்டுமே. சோற்றின் அளவைக் கூட்டாமல் வழக்கமான அளவிலேயே உண்டால் போதும்.

இதில் சர்க்கரை நோயாளிகளுக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. நெடுநாள் சர்க்கரை நோய், குடலை இயக்கும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும். அதனால் குடலின் அசைவு மந்தமாகி, மற்றவர்களுக்குப் போதுமான மருந்து இவர்களுக்குப் போதாமல் போகிறது. மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும் மலச்சிக்கலை உண்டாக்குபவை. குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் சிறு கட்டிகள் கண்ணில் படாமல் போகலாம். பரிசோதனையை மீண்டும் செய்யவும் நேரலாம். அதாவது இன்னொரு முறை பட்டினி, இன்னொரு முறை பேதி மருந்து. மலச்சிக்கல் உள்ளவர்கள் அதைக் கூச்சப்படாமல் முன்னரே சொன்னால், ஆயத்தத்தை ஒரு நாள் கூட்டியோ மருந்தை மாற்றியோ மருத்துவர் எழுதித் தருவார்.

மாத்திரை அட்டையின் பின்புறம்

முந்தைய நாளில் தெளிந்த திரவங்கள் மட்டுமே என்ற நிலை வரும்போது, மருந்துகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. வழக்கம்போல் எல்லாவற்றையும் விழுங்குவதும் தவறு. எல்லாவற்றையும் தாமாகவே நிறுத்துவதும் தவறு.

நம் நாட்டில் இது கூடுதலாகச் சிக்கலாவதற்குக் காரணம், ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருப்பது. தாம் உட்கொள்வது "காலை மாத்திரை", "இரவு மாத்திரை" என்ற அளவிலேயே பலருக்குத் தெரியும். அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பெயர்கள்தான் இங்கு முக்கியம். குறைந்தது ஒரு வாரத்துக்கு முன், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு சர்க்கரை நோய் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கொலோனோஸ்கோபி செய்யும் மருத்துவரும் சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவரும் வேறு வேறு இடங்களில் இருப்பதே இங்கு வழக்கம். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நோயாளியின் தலையிலேயே விழுகிறது. எழுதி வாங்கிக்கொண்டால் குழப்பம் குறையும்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை, உணவு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுபவை. சாப்பிடாத நாளில் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக் கூடியவை என்பதால், இவற்றை நிறுத்தவோ குறைக்கவோ பெரும்பாலும் அறிவுறுத்தப்படுகிறது. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அவ்வளவாகத் தாழ்த்துவதில்லை. ஆனாலும் பேதியால் நீரிழப்பு ஏற்பட்டு சிறுநீரகத்துக்குச் சுமை கூடும் நேரத்தில் அதையும் நிறுத்திவைப்பது வழக்கம்.

அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து வேறொரு வகையில் உள்ளது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். முதலாவதன் காப்புரிமை இந்தியாவில் 2020-லும், இரண்டாவதன் காப்புரிமை 2025-லும் முடிந்து விலை சரிந்ததால் பயன்பாடு பரவலாகியுள்ளது. பட்டினியும் நீரிழப்பும் சேரும்போது, இந்த மருந்துகளை உட்கொள்பவர்களின் இரத்தத்தில் கீட்டோன் எனும் அமிலப் பொருள்கள் பெருகக்கூடும். குளுக்கோமீட்டரில் அளவு ஏறக்குறைய இயல்பாகவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள கண்ணி. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு, அளவுக்கு மீறிய சோர்வு ஆகிய அறிகுறிகளைப் பேதி மருந்தின் விளைவு என்று எளிதில் ஒதுக்கிவிட முடியும். அறுவை சிகிச்சைக்கு முன் இவ்விரு மருந்துகளையும் குறைந்தது மூன்று நாள்களுக்கு நிறுத்த வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அறிவுறுத்தியது. இதய, சிறுநீரக நோய்களுக்காகவும் இவை தரப்படுவதால், "எனக்குச் சர்க்கரைக்கான மருந்து இல்லை" என்று கூறுபவரின் அட்டையிலும் இந்தப் பெயர் இருக்கக்கூடும்.

செமாகுளூடைடு, டிர்செபடைடு போன்ற வார ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. மயக்க நிலையில் இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம் உண்டு. கடைசி ஊசி போட்ட தேதியை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரே விதி பொருந்தாது. உணவோடு சேர்த்துப் போடும் விரைவு இன்சுலின், உணவு இல்லாதபோது பெரும்பாலும் தேவைப்படாது. நாள் முழுதும் மெல்ல வேலை செய்யும் அடிப்படை இன்சுலினைக் குறைப்பார்களே தவிர, அடியோடு நிறுத்தமாட்டார்கள். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடாத நாளிலும் அடிப்படை இன்சுலினை விடவே கூடாது. எத்தனை யூனிட் என்பதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும்.

பேதி மருந்தும் தெளிந்த திரவமும்

இந்தியாவில் பரவலாகத் தரப்படுவது, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பொடியை இரண்டு லிட்டர் நீரில் கரைத்துக் குடிக்கும் முறை. பொடி உடலில் ஏறுவதில்லை. குடலில் நீரைப் பிடித்துவைத்து அப்படியே வெளியேறுகிறது. சோடியம் பாஸ்பேட் கொண்ட பேதி மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால், சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஏற்றவை அல்ல. பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன் தொடங்கியும் குடிப்பது, ஒரேயடியாகக் குடிப்பதைவிட நன்றாகச் சுத்தம் செய்கிறது. காலை எட்டு மணிக்குப் பரிசோதனை என்றால் இரண்டாம் பாதிக்காக அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டியிருக்கும். தூக்கம் கெடுவது உண்மைதான். ஆனாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

கரைசலின் சுவை பலருக்கும் பிடிப்பதில்லை. குளிரவைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் வீதம், இடையிடையே எலுமிச்சைத் துண்டை முகர்ந்தபடி குடித்தால் குமட்டல் தணியும். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். இறுதியில் மலம், கட்டியின்றி வெளிர்மஞ்சள் நீராக வெளியேற வேண்டும்.

தெளிந்த திரவம் என்பது சர்க்கரை இல்லாத திரவம் என்று பொருள்படாது. சர்க்கரை நோயாளிகள் பலர் அன்று முழுவதும் வெறும் நீரும் கருந்தேநீரும் மட்டுமே குடித்துத் தங்களை வருத்திக்கொள்கிறார்கள். நாள் முழுவதும் மாவுச்சத்தே உள்ளே போகாவிட்டால் சர்க்கரை தாழும். உணவு வேளைகளில் வடிகட்டிய ஆப்பிள் சாறு, சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாறு, இளநீர் போன்றவற்றை அளவோடு குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரைத் தவிர்க்க வேண்டும். அதில் பொட்டாசியம் அதிகம். பாலும் மோரும் தெளிந்த திரவங்கள் அல்ல. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் குடலில் இரத்தம் போலத் தோன்றும் என்பதால் அவையும் வேண்டாம்.

ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் ரமலானுக்கும் விரதம் இருந்து பழகியவர்கள் இதையும் அதுபோல எண்ணிவிடுகிறார்கள். விரதத்தில் உணவுதான் குறைகிறது. இங்கு குடலே கழுவப்பட்டு, நீரும் உப்பும் சேர்ந்து வெளியேறுகின்றன. இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளைப் பற்றியும் கேட்டறிய வேண்டியது இதனால்தான்.

பதற்றமா, தாழ்சர்க்கரையா?

நெஞ்சு படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல், இனம்புரியாத அச்சம் ஆகிய ஐந்தும் பதற்றத்தின் அறிகுறிகள். இவை ஐந்துமே தாழ்சர்க்கரையின் அறிகுறிகளும்கூட. பதற்றம் பழகிப்போனவர், "இது வழக்கமானதுதான்" என்று கண்ணை மூடிப் படுத்துவிடக்கூடும். உண்மையில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கு மாறாக, சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே பயந்துபோய் வேளைக்கு வேளை இனிப்பைக் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. யூகிப்பதில் பயனில்லை, விரலில் குத்திப் பார்த்துவிடுவதே வழி. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும், உறங்கும் முன்பும், அதிகாலை மருந்துக்கு எழும்போதும் அளந்து குறித்துக்கொள்ளலாம்.

அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரைக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அளக்கும் கருவி அருகில் இல்லாவிட்டால் தாழ்சர்க்கரை என்றே கொண்டு குடித்துவிடுவது பாதுகாப்பானது. இந்த ஒரு நாளில் சர்க்கரை சற்று உயர்ந்திருப்பதால் பெரிய தீங்கு இல்லை. 300-ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

படபடப்புக்காகப் புரோப்ரனலால் உட்கொள்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சர்க்கரை தாழும்போது எழும் நடுக்கத்தையும் படபடப்பையும் அந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டுமே எஞ்சியிருக்கும் அறிகுறியாக இருக்கலாம். பதற்றத்துக்கான மாத்திரைகளைப் பரிசோதனைக்காகத் திடீரென நிறுத்துவதும் தவறு. குளோனசெபம் போன்றவற்றை நெடுநாள் உட்கொண்டவர் சட்டென நிறுத்தினால் பதற்றம் பன்மடங்காகும், வலிப்பும் வரலாம். அவற்றின் பெயரை மயக்க மருத்துவரிடம் தெரிவித்தால், மயக்க மருந்தின் அளவை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார்.

அச்சம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒருவருக்கு வலி, இன்னொருவருக்கு ஆடை களைவது பற்றிய கூச்சம், வேறொருவருக்கு வழியிலேயே கட்டுப்பாடு இழந்துவிடுவோமோ என்ற கவலை. பின்புறம் மட்டும் திறக்கும் காற்சட்டை பல மருத்துவமனைகளில் தரப்படுகிறது. பெண் மருத்துவர் அல்லது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். பயண நேரத்துக்குப் பெரியவர்களுக்கான டயப்பர் அணிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நரம்பு வழியாகத் தரப்படும் மயக்க மருந்தால் பெரும்பாலோருக்குப் பரிசோதனை நடந்ததே நினைவில் இருப்பதில்லை. அஞ்சுவது எது என்பதை முன்பே வாய்விட்டுச் சொன்னவருக்கே இவற்றில் எது தேவை என்று ஏற்பாடு செய்ய முடியும்.

பரிசோதனை நாளில்

சர்க்கரை நோயாளிகள் காலையின் முதல் நேரத்தைக் கேட்டுப் பெற வேண்டும். வரிசை நீளும் பெரிய அரசு மருத்துவமனைகளில், "சர்க்கரை நோயாளி, இன்சுலின்" என்று சீட்டில் எழுதச் செய்வது உதவும். கடைசி இரண்டு மணி நேரம் எதுவும் அருந்தக் கூடாது என்பது பொது விதி. அந்த நேரத்தில் சர்க்கரை தாழ்ந்தால், விதியை மீறக் கூடாது என்று எண்ணி வாய்மூடி உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே செவிலியரிடம் சொன்னால் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். குளுக்கோமீட்டர், மாத்திரை அட்டைகள், முடிந்தபின் சாப்பிட எளிய உணவு ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். உடன் ஒருவர் வருவது கட்டாயம்; மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

முடிந்தபின் வயிற்றில் காற்று நிறைந்ததுபோல் சிறிது நேரம் இருக்கும். சாப்பிடத் தொடங்கிய பிறகே வழக்கமான மாத்திரைகளுக்குத் திரும்ப வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளை, உணவும் நீரும் பழைய நிலைக்கு வந்தபின் மருத்துவர் சொன்ன நாளில் தொடங்கலாம். மறுநாள் காலை வரை சர்க்கரை தாழ வாய்ப்பிருப்பதால் அன்றிரவும் அளந்து பார்ப்பது நல்லது. குடலில் ஓட்டை விழுதல் போன்ற சிக்கல்கள் அரிதானவை. இருப்பினும் தணியாத வயிற்று வலி, காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டி அகற்றப்பட்டவர்களுக்கு இரண்டு வாரம் கழித்தும் இரத்தம் கசியக்கூடும். திசு மாதிரி எடுத்திருந்தால் அதன் முடிவு வரச் சில நாள்கள் ஆகும். எந்தத் தேதியில், யாரிடம் அதைக் கேட்க வேண்டும் என்பதை மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், உடன் வந்தவரிடமே எழுதித் தரச் சொல்லலாம். மயக்கம் முழுதும் தெளியாத நிலையில் கேட்டது நோயாளியின் நினைவில் நிற்பதில்லை.