ஒரே குன்று, இரண்டு சட்டம்

கலிபோர்னியாவில் இலையுதிர்காலத்தில் ஒரு காற்று எழுவதுண்டு. வறண்ட உள்நாட்டிலிருந்து கடலை நோக்கிப் பாய்ந்து இறங்கும் அக்காற்றின் பாதையில், மலைச்சரிவில் தோளோடு தோள் ஒட்டி அமைந்திருக்கின்றன பெர்க்லி, ஓக்லண்டு என்னும் இரு நகரங்கள்.

அவ்விரண்டுக்கும் பொதுவாகப் பனோரமிக் குன்று என்று ஒரு குடியிருப்பு உண்டு. அதன் பெரும்பகுதி பெர்க்லியைச் சேர்ந்தது. எஞ்சிய சிறு பகுதி ஓக்லண்டைச் சேர்ந்தது. மேலே ஏறும் பாதையோ ஒன்றே, அதுவும் குறுகி, வளைந்து வளைந்து செல்வது. ஓக்லண்டுக்கு வரி செலுத்துகிற குடும்பமும் ஆபத்துக் காலத்தில் பெர்க்லியின் வழியாகத்தான் தப்பி இறங்க வேண்டும்.

இந்தப் பக்கத்து நகரங்கள் வெவ்வேறு ஏற்பாடுகளோடு வாழ்ந்ததன் விளைவு 1991-இல் வெளிப்பட்டது. அக்டோபர் 19, சனிக்கிழமையன்று ஓக்லண்டுச் சரிவில் புல்லில் பற்றிய சிறு தீ அடங்கிவிட்டதாகவே தோன்றியது. மறுநாள் காலை காற்று எழுந்ததும், சாம்பலுக்கடியில் கனன்றுகொண்டிருந்தது ஜ்வாலையாகி, 25 உயிர்களையும் ஏறத்தாழ 3,000 குடியிருப்புகளையும் கொண்டுபோயிற்று. பெர்க்லியின் எல்லைக்குள்ளும் வீடுகள் எரிந்தன. உதவிக்கு விரைந்து வந்த அயலூர்த் தீயணைப்பு வீரர்கள் தெருக்குழாயில் தங்கள் நீர்க்குழாயைப் பொருத்த முயன்றபோது, ஓக்லண்டின் குழாய்வாய் 3 அங்குலமும் தங்களுடையது இரண்டரை அங்குலமுமாக இருக்கக் கண்டு, இடையில் பொருத்தும் வளையத்தைத் தேடி அலைய நேர்ந்தது. அரை அங்குல வேற்றுமை! இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது.

மறு ஆண்டே, பெர்க்லிப் பகுதியின் பிரதிநிதியான டாம் பேட்ஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, நகரங்களுக்குள்ளும் மிக உயர்ந்த தீ அபாயமுள்ள பிரதேசங்களை மாநிலத் தீயணைப்புத் துறை வரையறுக்க வேண்டுமென்று ஏற்பட்டது. 2025-இல் வெளியான புதிய வரைபடங்கள் மிதமானது, உயர்ந்தது, மிக உயர்ந்தது என மூன்று நிலைகளைக் காட்டுகின்றன. மாநிலம் குறித்த நிலையை ஒரு நகரம் உயர்த்தலாம், தாழ்த்தலாகாது, விதிகளையும் கடுமையாக்கிக்கொள்ளலாம். அண்டை நகரங்களின் சட்டங்கள் வேறுபடுவதற்கு வாசல் திறப்பது இந்த ஏற்பாடே.

வீட்டைச் சுற்றி 100 அடிக்குக் காய்ந்த புதரையும் சருகையும் அகற்ற வேண்டும் என்பது மாநிலத்தின் பொதுவிதி. ஆனால் மனையின் எல்லை முன்னதாக வந்துவிட்டால் கடமையும் அங்கேயே நின்றுவிடும். இம்மலை மனைகளோ குறுகியவை. ஆகையால் ஒருவருடைய 100 அடியில் பெரும்பங்கு அடுத்த வீட்டுக்காரரின் தோட்டமாகவே இருக்கும். அவர் எந்த நகரத்தின் பிரஜை என்பதைப் பொறுத்து, அவருக்குரிய சட்டமும் மாறும்.

ஓக்லண்டில் நெடுங்காலமாக உள்ள முறை, தீயணைப்புத் துறையினர் ஆண்டுதோறும் மனை மனையாகச் சென்று, புல் வெட்டப்பட்டிருக்கிறதா, புகைபோக்கியிலிருந்து 10 அடிக்குள் கிளை நீள்கிறதா, கூரையில் சருகு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. இப்பணிக்கான தனி வரியை நீட்டிக்க 2013-இல் நடந்த வாக்கெடுப்பு, வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வெகு சில வாக்குகளால் கிட்டாமல் தோற்றது. 2024 நவம்பரில்தான் ஜனங்கள் மறுபடி ஒரு வரிக்கு இசைந்தார்கள்.

பெர்க்லி மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. சுவரை ஒட்டிய 5 அடியில் எரியக்கூடிய எதுவும் கூடாதென்ற கருத்தை மாநிலம் 2020-இலேயே சட்டமாக்கியிருந்தும், அதற்குரிய விதிகள் 2023-இன் தொடக்கத்துக்குள் வகுக்கப்படவில்லை. அவற்றுக்குக் காத்திராமல் 2025 ஜூனில் பெர்க்லி நகரசபை, பனோரமிக் குன்றுக்கும் கிரிஸ்லி சிகரப் பகுதிக்கும், 2026 முதல் நடைமுறைக்கு வரும்படி தானே விதித்துவிட்டது. சன்னலோரம் அன்போடு வளர்த்த ரோஜாவைப் பிடுங்கச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்குக் கூலிச்செலவும் பாரமே. அவருக்கு நகரசபை துணை நிற்க வேண்டும். எனினும் காற்றில் பறந்து வரும் தீப்பொறி முதலில் தங்கி மூளுவது பெரும்பாலும் அந்த 5 அடியில்தான் என்பதால், பெர்க்லியின் பக்கமே என் அபிப்பிராயம் சாய்கிறது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1923 செப்டம்பர் 17-இல் பெர்க்லியில் சுமார் 600 கட்டடங்கள் எரிந்துபோனபோது, தீப்பிடிக்காத கூரையே வேய வேண்டுமென்று அந்நகரசபை ஒரு சட்டம் செய்து, எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறுபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1991-இன் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லைக்கு இருபுறமும் தீப்பொறிகள் தாவிச் சென்ற கூரைகளில் பல, மரச்சில்லு வேய்ந்தவையாகவே இருந்தன.