தேசிங்கு ராஜன் குதிரை எங்கே?

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும்தானே உங்கள் நினைவுக்கு வரும்? 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதக் கிளம்பிய ராஜன் எங்கே இருக்கிறான், என்ன ஆனான் என்று கோட்டையில் காத்திருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆள் ஓடிவந்து சொன்னால்தான் உண்டு!

1984-ல் அமெரிக்காவில் 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்று. பாப் புரூனிங்கா என்ற அமெச்சூர் ரேடியோக்காரர், சின்னஞ்சிறு வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டு, எந்தக் குதிரை எங்கே போகிறது என்று தெரியும்படி செய்துவிட்டார். அதுதான் பிற்பாடு 'ஏ.பி.ஆர்.எஸ்.' என்று வளர்ந்தது.

விஷயம் இதுதான். இருக்கும் இடத்தைச் செயற்கைக் கோள்களின் உதவியால் கணித்து, ரேடியோவே ஒரு சிறு சத்தமாக அனுப்பிவிடும். உயரத்தில் உள்ள நிலையம் அதை வாங்கி மறுபடி ஒலிக்கும். எங்கோ ஒரு கம்ப்யூட்டர் படத்தில் புள்ளி விழும். செல்போன் கோபுரம் தேவையில்லை.

இந்த அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகிறவை. ஆகவே உயரம் முக்கியம். சுமார் 800 அடி ராஜகிரியில் மூச்சிரைக்க ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா? எதிரி வருவதைப் பார்க்கக் கோட்டை கட்டியவர்கள் போட்டதும் இதே கணக்குத்தான்.

வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, தற்செயலாகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள், 'இன்னார் பிழைத்திருக்கிறார்' என்ற செய்திகளை வாயால் சொல்லியே கரை சேர்த்தார்கள்.

உங்களுக்கும் ஆசையா? 12 வயதானால் போதும். சர்க்கார் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்கலாம். ஆனால் இதில் ரகசியம் கிடையாது. சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, "ஆபீசில் இருக்கிறேன்" என்று வீட்டுக்குச் சொல்ல முடியாது!