ஒரு பிரதிநிதியின் வோட்டுக் கணக்கு

நம் சங்கங்களில் மகாசபை கூடும் நாளை எண்ணிப் பாருங்கள். நூல் கொள்முதலோ, கிடங்கு கட்டுவதோ, ஏதோ ஒரு தீர்மானம் முன்வருகிறது. பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வோட்டு, ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வோட்டு. தூக்கிய கைகளை எண்ணித் தலைவர் முடிவைச் சொல்ல, காரியதரிசி அதை மினிட்டுப் புத்தகத்தில் பதிகிறார். ஆறு மாதம் கழித்து அக்காரியத்தில் நஷ்டம் வந்துவிட்டால், “நான் அப்போதே வேண்டாம் என்றேன்” என்று சொல்லாதவர் எவரும் இரார். புத்தகத்தைப் புரட்டினால், “ஏகமனதாக நிறைவேறியது” என்றிருக்கும்.

சட்டசபைகளிலும் கதை இதுவே. மேடையில் பேசியது பத்திரிகையில் வருகிறது. சபையில் போட்ட வோட்டு பெரும்பாலும் வெளிச்சத்துக்கு வருவதில்லை. நம் பாராளுமன்றத்தில் பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன. அங்கத்தினர்கள் கோரினால்தான் பெயர்வாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். அன்றியும் 1985-ஆம் ஆண்டில் நிறைவேறிய 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கட்சியின் கட்டளைக்கு மாறாக வோட்டுப் போடும் அங்கத்தினர் தம் ஸ்தானத்தையே இழக்க நேரலாம். ஆகவே இங்கே ஒருவருடைய வோட்டு அவருடைய கட்சியின் வோட்டாகவே ஆகிவிட்டது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏற்பாடு வேறு. அங்கே சபையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால், ஒவ்வொருவரும் ‘ஆம்’ என்றாரா, ‘இல்லை’ என்றாரா என்பதைப் பெயரோடு பதிந்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே உள்ள விதி. எனவே இறந்து ஐம்பது ஆண்டு கழிந்த ஒருவரின் வோட்டுக்களையும் இன்று நாம் எடுத்துப் பார்க்கலாம். அப்படி ஒருவரின் கணக்கை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் ஜெனெட் ராங்கின் அம்மையார்; அந்நாட்டுக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் பெண்மணி.

1880-ஆம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி, மாண்டானா பிரதேசத்தில் மிஸூலா நகருக்கு அருகில் ஒரு பண்ணை வீட்டில் அவர் பிறந்தார். தகப்பனார் பண்ணையும் மரத்தொழிலும் நடத்தியவர். தாயார் உபாத்தியாயினியாக இருந்தவர். சர்வகலாசாலையில் உயிரியல் படித்து 1902-இல் பட்டம் பெற்ற பின், அவர் பள்ளியில் போதித்தார், தையல் தொழில் கற்றார், நியூயார்க்கில் சமூக சேவைப் பயிற்சி பெற்றார். பின்னர் பெண்களுக்கு வோட்டுரிமை கேட்கும் இயக்கத்தில் சேர்ந்து, மாநிலம் மாநிலமாக அலைந்தார். 1914-இல் மாண்டானாப் பெண்களுக்கு அவ்வுரிமை கிட்டியது. அடுத்த ஆண்டு நியூஸிலாந்துக்குப் போய், தையல் வேலை செய்து பிழைத்துக்கொண்டே அந்நாட்டுச் சமூக நிலையை ஆராய்ந்தார். ஊசியும் நூலும் பிடித்த கை என்பதால் நமக்கு அவரிடம் சற்றுக் கூடுதலான பற்று ஏற்படுவதை மறைக்கவேண்டியதில்லை.

1916-இல் குடியரசுக் கட்சியின் சார்பில் அவர் தேர்தலுக்கு நின்றார். மாண்டானா நம் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று பங்கு பரப்புள்ளது. அவ்வளவு பெரிய மாநிலம் முழுவதும் அன்று ஒரே தொகுதி, இரண்டு ஸ்தானங்கள். அவற்றில் ஒன்று இவருக்குக் கிடைத்தது. நாட்டின் பல மாநிலங்களில் பெண்களுக்கு வோட்டே இல்லாத காலம் அது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

1917 ஏப்ரல் 2-ந் தேதி அவர் பதவி ஏற்றார். அன்று மாலையே ஜனாதிபதி வில்ஸன் இரு சபைகளின் முன்வந்து, ஜெர்மனியின்மீது யுத்தப் பிரகடனம் செய்யுமாறு கேட்டார். ஸெனட் சபை 82-க்கு 6 என்று இசைந்தது. பிரதிநிதிகள் சபையின் விவாதம் இரவு முழுதும் நீண்டு, ஏப்ரல் 6-ந் தேதி விடியுமுன் வோட்டுக்கு வந்தது. இன்று அங்கே மின்சாரப் பொத்தான் உண்டு. 1973-இல்தான் அது வந்தது. அன்றோ குமாஸ்தா ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பதில் சொல்லாதவர்களை இரண்டாம் முறை கூப்பிடுவார். முதல் முறை இவர் பெயர் வந்தபோது இவர் வாய் திறக்கவில்லை. மூத்த அங்கத்தினராகிய கேனன் என்பவர் அருகில் வந்து, நாட்டுப் பெண்குலத்தின் பிரதிநிதியாகிய நீ வோட்டுப் போடாமல் இருக்கலாகாது என்று அறிவுரை கூறினார். இரண்டாம் முறை பெயர் வந்தது. அம்மையார் எழுந்தார். “என் நாட்டின் பக்கம் நிற்க விரும்புகிறேன், ஆனால் யுத்தத்துக்கு வோட்டளிக்க என்னால் இயலாது” என்றார். பெயர் கூப்பிடும்போது விளக்கம் சொல்வது சபை மரபுக்கு மாறானது. அந்தச் சிறு மீறலோடு அவருடைய வோட்டு ‘இல்லை’ என்று பதிவாயிற்று.

முடிவு 373-க்கு 50. அதாவது ‘இல்லை’ என்றவர்கள் ஐம்பது பேர். அவர்களில் நாற்பத்தொன்பது பேர் ஆண்கள். ஆளுங்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியின் சபைத் தலைவர் கிளாட் கிச்சின்கூட அவ்வைம்பதில் ஒருவர். ஆயினும் பத்திரிகைகளின் ஏச்சு பெரும்பாலும் இவர் ஒருவர் மேலேயே விழுந்தது. பெண்ணாதலால் அழுதுவிட்டாள் என்று எழுதினார்கள். அவர் அழுததைப் பார்த்தீர்களா என்று, யுத்தத்துக்கு ஆதரவாக வோட்டளித்த லா கார்டியாவிடம் கேட்டபோது, தம் கண்களே நீரால் நிறைந்திருந்தபடியால் தமக்குத் தெரியவில்லை என்றாராம். வோட்டுரிமை இயக்கத்திலேயே சில தலைவிகள், இந்த ஒரு ‘இல்லை’யால் நம் காரியம் கெட்டது என்று மனம் நொந்தார்கள்.

இந்த ஒரு வோட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அவரைப் போற்றுவோரும் தூற்றுவோரும் உளர். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியை மட்டும் பார்ப்பது தணிக்கையாகாது. மற்ற வரிகளையும் பார்ப்போம்.

1917 ஜூன் மாதத்தில் மாண்டானாவின் பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கம் ஒன்றில் தீப்பிடித்து 160-க்கு மேற்பட்ட தொழிலாளிகள் மாண்டார்கள். தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே ‘அனுமதிச் சீட்டு’ என்று ஒரு முறை இருந்தது. கம்பெனி கொடுக்கும் சீட்டு இல்லாதவனுக்குச் சுரங்கத்தில் வேலை கிடையாது. சங்கத்தில் சேர்ந்து வாய் பேசுபவனுக்குச் சீட்டுக் கிடையாது. அம்மையார் ஆகஸ்டு மாதம் பியூட்டுக்கு நேரில் சென்று தொழிலாளிகளிடையே பேசினார். தகராறு தீராவிடில் சுரங்கங்களை அரசாங்கமே எடுத்து நடத்தலாம் என்று காங்கிரஸில் ஒரு தீர்மானமும் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. மாண்டானாவில் அனகாண்டா கம்பெனியின் செல்வாக்குக்கு உட்படாத அதிகாரியும் பத்திரிகையும் அரிது. அந்தக் கம்பெனியைப் பகைத்துக்கொண்டது, யுத்த வோட்டைவிட அவருக்கு அதிக இடையூறு விளைத்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டில் தலைநகரிலுள்ள அரசாங்க நோட்டு அச்சகத்தில் பெண்களை எட்டு மணிக்கு மேல் வேலை வாங்குவதாக அவருக்குத் தெரியவந்தது. விசாரித்து, விஷயத்தை வெளியிட்டார். எட்டு மணி வேலைநாள் மீண்டும் அமலுக்கு வந்தது. இது வோட்டுக் கணக்கில் வராத வேலை. ஆனால் அச்சகத்துப் பெண்களைக் கேட்டிருந்தால் இதையே முதலில் சொல்லியிருப்பார்கள்.

இனி, அவரைப் போற்றுவோர் அடிக்கடி விட்டுவிடும் ஒரு வரி. 1917 டிஸம்பர் 7-ந் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரியின்மீது யுத்தப் பிரகடனம் வோட்டுக்கு வந்தது. அப்போது அம்மையார் ‘ஆம்’ என்றே வோட்டளித்தார். யுத்தத்தில் ஏற்கெனவே இறங்கியாயிற்று, இது வெறும் சட்ட முறைக்கான காரியம் என்பது அவர் கூறிய சமாதானம். அன்று ‘இல்லை’ என்றவர் மேயர் லண்டன் என்ற சோஷலிஸ்டு ஒருவரே. கொள்கையில் அசையாதவர் என்று அவரை வர்ணிக்கும்போது இந்த வரியையும் உடன் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நமக்கென்னவோ, இதனால் அவர் சிறுத்துவிடவில்லை. மனிதராகத் தெரிகிறார், அவ்வளவே.

1918 ஜனவரி 10-ந் தேதி பெண்கள் வோட்டுரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தத்தின்மீது விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே. 274-க்கு 136 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே எட்டும்படி அது நிறைவேறிற்று. ஸெனட் அவ்வாண்டில் இடம் கொடுக்கவில்லை. 1920-இல் அது சட்டமானபோது அம்மையார் சபையில் இல்லை. மாண்டானாவை இரண்டு தொகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள். தமக்கு வாய்த்த தொகுதியில் கட்சிபலம் இல்லாமையால் 1918-இல் ஸெனட்டுக்கு நின்று தோற்றார்.

இடையிலுள்ள இருபது ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். தாய்-சேய் நலத்துக்கு மத்திய அரசாங்கம் பணம் உதவும் ஏற்பாட்டை அவர் சபையில் இருந்தபோதே முன்மொழிந்திருந்தார். 1921-இல் ஷெப்பர்டு-டவுனர் சட்டம் என்ற பெயரில் அது நிறைவேறப் பாடுபட்டார். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சிறு நிலம் வாங்கிக் குடியேறி, சமாதான இயக்கங்களுக்காக உழைத்தார்.

1940-இல், அறுபதாம் வயதில், மாண்டானாவில் மீண்டும் நின்றார். ஐரோப்பா அப்போது எரிந்துகொண்டிருந்தது. நம் பிள்ளைகளை யுத்தத்துக்கு அனுப்பலாகாது என்று ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் சொல்லியே வோட்டுக் கேட்டார், ஜயித்தார். இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1941-இல் நேச நாடுகளுக்கு ஆயுத உதவி செய்யும் மசோதாவை அவர் எதிர்த்து வோட்டளித்தார். காங்கிரஸின் சம்மதமின்றிப் படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று ஒரு திருத்தமும் கொணர்ந்து தோற்றார். எல்லாம் அவர் சொல்லி வாங்கிய வோட்டுக்கு ஏற்றவையே.

அப்புறம் 1941 டிஸம்பர் 7-ந் தேதி ஜப்பான் விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. 2,400 அமெரிக்கர்கள் மாண்டார்கள். மறுநாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் யுத்தப் பிரகடனம் கேட்டார். ஸெனட்டில் 82 பேரும் ‘ஆம்’. பிரதிநிதிகள் சபையில் ஒரு மணிக்கும் குறைந்த விவாதம். அம்மையார் பேச எழுந்தெழுந்து நின்றார். சபாநாயகர் ரேபர்ன் அனுமதிக்கவில்லை. ‘உட்காரம்மா’ என்று கூவினார்கள். மனத்தை மாற்றிக்கொள்ளும்படியோ வோட்டளிக்காது இருக்கும்படியோ சக அங்கத்தினர்கள் வந்து வேண்டினார்கள். பெயர் வந்தது, ‘இல்லை’ என்றார். பெண்ணாகிய நான் யுத்தத்துக்குப் போக இயலாது, வேறு எவரையும் அனுப்பவும் சம்மதியேன் என்றார். முடிவு 388-க்கு 1.

இம்முறை அவரோடு நாற்பத்தொன்பது பேர் இல்லை. வெளியே கூட்டம் சூழ்ந்துகொள்ளவே, டெலிபோன் அறையொன்றில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸார் வந்து அழைத்துச் சென்றார்கள். மாண்டானா முழுவதும் உனக்கு விரோதம் என்று சொந்தச் சகோதரரே செய்தி அனுப்பினார். கான்ஸாஸ் மாநிலத்துப் பத்திராசிரியர் வில்லியம் ஆலன் வைட், அவருடைய முடிவை முற்றும் மறுத்துவிட்டு, ஆனாலும் அதைச் செய்ய விரும்பிய நூறு பேர் சபையில் இருந்திருப்பார்கள், ஒருவருக்கும் அந்தத் தைரியம் இல்லை என்று எழுதினார். மூன்று நாளுக்குப் பின் ஜெர்மனி, இத்தாலி மீதான பிரகடனங்கள் வந்தபோது அம்மையார் ‘ஆஜர்’ என்று மட்டும் சொல்லிவிட்டார். ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. 1942-இல் அவர் தேர்தலுக்கு நிற்கவில்லை.

இந்த இரண்டாவது வோட்டு சரியென்று சொல்ல நாம் துணியமாட்டோம். தாக்கப்பட்ட நாடு என்ன செய்திருக்க வேண்டும் என்பதற்கு அவரிடமிருந்து திருப்தியான விடை வந்ததாக நாம் காணவில்லை. ஹிட்லரின் ஆட்சி செய்ததை அறிந்த பின் அவ்வோட்டைப் படிக்கையில் மனம் இசையவில்லை. ஆனால் ஒரு பழியை அவர்மேல் சுமத்த இயலாது. வோட்டுக் கேட்கும்போது ஒன்று, வோட்டுப் போடும்போது ஒன்று என்று அவர் நடக்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் காலம் மாறிவிட்டது; ஜனங்களும் மாறிவிட்டார்கள்; அவர் மாறவில்லை.

நம் சங்கங்களிலும் இதே சிக்கல் உண்டு. மத்திய சங்கத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்புகிறோம். போகும்போது விலையை உயர்த்தக் கேள் என்கிறோம். அவர் போய்ச் சேருமுன் சந்தை விழுந்துவிடுகிறது. நாம் சொன்னபடி அவர் வோட்டளிக்க வேண்டுமா, நாம் இப்போது என்ன சொல்லியிருப்போம் என்று ஊகித்து வோட்டளிக்க வேண்டுமா, தம் புத்திக்குப் பட்டபடியா? இதற்கு உபவிதிகளில் விடை எழுதிவைத்த சங்கம் எதையும் நாம் கண்டதில்லை.

பதவி விட்ட பின் அம்மையார் காந்தியடிகளின் வழியை ஆராயும் விருப்பத்தோடு 1946 முதல் 1971 வரை ஏழு முறை இந்தியா வந்தார். 1968 ஜனவரி 15-ந் தேதி, 87-ஆம் வயதில், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துச் சுமார் ஐயாயிரம் பெண்களைக் காங்கிரஸ் மாளிகைக்கு அழைத்துச் சென்று மனுக் கொடுத்தார். ஜனாதிபதியை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இறுதிவரை வாதாடினார். 1973 மே 18-ந் தேதி கலிபோர்னியாவில் காலமானார்.

2001 செப்டம்பர் 14-ந் தேதி, நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த மூன்றாம் நாள், படைபலத்தை உபயோகிக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் அதே சபைக்கு வந்தது. பார்பரா லீ என்ற பெண்மணி ஒருவரே ‘இல்லை’ என்றார்; 420-க்கு 1. அவரை ஓகிலண்டு நகரத்து ஜனங்கள் அதற்குப் பிறகும் பல தேர்தல்களில் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ராங்கின் அம்மையாருக்கோ, 1985-இல் மாண்டானாவே தன் சார்பில் காங்கிரஸ் மாளிகையில் சிலை வைத்தது. யுத்தத்துக்கு வோட்டளிக்க என்னால் இயலாது என்ற சொற்களே அதன் பீடத்தில் உள்ளன. ஜார்ஜியாவில் இருந்த சொத்தில் ஒரு பகுதியை, வேலையற்ற, வயது முதிர்ந்த பெண் தொழிலாளர்களுக்கென்று அவர் எழுதிவைத்திருந்தார். அதைக் கொண்டு 1976-இல் ஒரு நிதி ஏற்பட்டது. பள்ளிப் படிப்பை விட்டுப் பல ஆண்டு கழித்து மீண்டும் படிக்க வரும் பெண்களுக்கு அதிலிருந்து உதவித்தொகை வழங்கப்படுகிறது.