காசு எவ்வளவு என்பது கடைசிக் கேள்வி

புறக்கோட்டையில் தையல் சாமான் விற்கும் கடையொன்றில் நான் கணக்கெழுதுகிறேன். மன்னாரிலிருந்து நூலும் பொத்தானும் வாங்க வரும் தங்கச்சி ஒருத்தி, போன மாதம் ஒரு கடதாசியை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, காணியில துளை போட்டுப் பாக்கப் போயினமாம். குத்தகைக் காசு உடன தருவினமாம். கையெழுத்து வைக்கட்டோ?"

அவளுடைய கணவர் 2009இல் காணாமற் போனவர். சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் தென்னங்காணிதான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள ஒரே பிடிமானம். கடதாசியோ முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது.

மத்தியானம் இருவரும் புதுக்கடைக்குப் போய், தெரிந்த நொத்தாரிசு ஒருவரிடம் அதைக் காட்டினோம். அவர் சொன்னவை உங்களுக்கும் உதவும், சகோதரிகளே.

மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. தீவின் தரையில் தேடுவது இல்மனைற் போன்ற கனிய மணலை. இவை எவையும் காணிக்காரருக்குச் சொந்தமல்ல. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனியங்கள் அரசுக்கே உரியவை. பெற்றோலியமும் அப்படித்தான். நமக்குக் கிடைப்பது மேல் நிலத்துக்கான வாடகை மாத்திரமே.

அமெரிக்காவில் நிலத்தடி வளம் பெரும்பாலும் தனியாருடையது. அங்கேயும் சிக்கல் வந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் 1974 முதல் விவசாயக் காணிக்கு ஆதன வரிச் சலுகை உண்டு. காணியை வேறு தேவைக்கு மாற்றினால், ஏழு ஆண்டுகள் வரையான சலுகையை 6 வீத வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும். எரிவாயுக் குத்தகையில் கையெழுத்திட்டவர்கள் முழுக் காணிக்கும் கட்ட நேருமோ என்று பயந்தார்கள். 2010இல் சட்டத்தைத் திருத்தி, பயிர் செய்ய முடியாமற் போன துண்டுக்கு மட்டும் கட்டினாற் போதும் என்று ஆக்கினார்கள்.

நமது நாட்டில் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். குத்தகை காணியின் தன்மையை மாற்றிவிடும். எங்கள் பிரதேச சபைகள் பயிர்க்காணிக்கு ஏக்கர் வரியும், கட்டடங்கள் நிறைந்த பகுதியென அறிவித்த இடங்களில் ஆண்டுப் பெறுமதியின்மேல் ஆதன வரியும் அறவிடலாம். பாதையும் கொட்டிலும் வந்து பயிர் நின்றுபோனால், நாளைக்கு எந்த வரி, யார் கட்டுவது?

ஆகவே கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

காணி உறுதிக் காணியா, பேமிற் காணியா? பேமிற் காணியை அரச அனுமதியின்றிக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. வயலென்றால், வேறு தேவைக்கு மாற்றக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

எந்தத் துண்டு, எத்தனை பேர்ச்? வரைபடத்தில் குறித்துக் கேளுங்கள். முழுக் காணியையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கூடும் வரியை யார் கட்டுவது? குழியை மூடி, மண்ணைப் பழையபடி தருவது யார்? இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனக் காணியென்றாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதில் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாது. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். "மகன்ர கையெழுத்துப் போதும்" என்று தரகர் இவளுக்குச் சொல்லியிருந்தாராம்.

நொத்தாரிசுக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையத்துக்குப் போகலாம்.

பின்னேர பஸ்ஸுக்குப் போகுமுன் அந்தக் கடதாசியை மடித்து நூல் பையின் அடியில் வைத்தாள்.

"தமிழில எழுதிக்கொண்டு வரட்டும் அக்கா. பிறகு பாப்பம்" என்றாள்.