விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ்: வலி குறையும்! வேகம் கூடுமா?

மெரினா கடற்கரை. காலை மணி 6. ஓடி முடித்த வாலிபர்கள் நாலைந்து பேர் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருடைய கெண்டைக்காலை இன்னொருவர் பிடித்து விடுகிறார்.

"மெதுவா அமுக்குப்பா... உயிர் போவுது!"

"பொறுத்துக்க. அமுக்கினாத்தான் உள்ள இருக்கிற ஆசிட் எறங்கும்!"

இந்தக் காட்சி மெரினாவில் மட்டும் அல்ல. வியாசர்பாடி கால்பந்து மைதானம், ராயபுரம் குத்துச்சண்டைக் கூடம், புறநகர் கபடித் திடல்... விளையாட்டு நடக்கும் இடமெல்லாம் ஒரு தைலக் குப்பி இருக்கும். பிடித்து விட ஒரு கையும் இருக்கும்.

அந்தக் காலத்தில் 'மாலிஷ்' என்றார்கள். இப்போது 'ஸ்போர்ட்ஸ் மசாஜ்' என்கிறார்கள். பெரிய அணிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. கேரளத்துக் களரி ஆசான்கள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காலாலேயே உழிச்சல் செய்கிறார்கள்.

சரி, இதனால் உண்மையில் பலன் உண்டா? அல்லது எல்லாம் மனப்பிரமையா?

ஆசிட் கதை

முதலில் அந்த 'ஆசிட்' கதையைப் பார்ப்போம்.

வேகமாக ஓடினால் தசையில் லாக்டிக் அமிலம் சேருகிறது. உண்மைதான். ஆனால் ஓட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உடம்பே அதைச் சரி செய்துவிடும். யாரும் அமுக்க வேண்டியதில்லை!

மறுநாள் காலையில் மாடிப்படி இறங்க முடியாமல் "அம்மா!" என்று சுவரைப் பிடிக்கிறோமே, அந்த வலிக்கு ஆசிட் காரணம் அல்ல. பழக்கம் இல்லாத கடும் உழைப்பில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல் ஏற்படுகிறது. அதை உடம்பு பழுது பார்க்கும்போது வருகிற வலி அது. 2, 3 நாள் வாட்டிவிட்டுத் தானாகப் போய்விடும்.

கனடாவில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். 12 பேரின் கைத்தசைகளுக்குக் கடும் பயிற்சி கொடுத்து, பிறகு மசாஜ் செய்து பார்த்தார்கள். ஆசிட் சீக்கிரம் போகவில்லை. அமுக்கும்போது ரத்த ஓட்டம் தடைபட்டு, சும்மா ஓய்வு எடுத்தபோது போனதைவிடத் தாமதமாகவே போயிற்று!

ஆகவே "ஆசிட் எறங்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். ஓடி முடித்ததும் படுத்துவிடாமல் 10 நிமிடம் மெதுவாக நடந்தாலே அந்த வேலை சீக்கிரம் முடியும்.

வலி குறைகிறது

அப்படியானால் மசாஜ் வீணா? இல்லை!

இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தினர் 29 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். அவற்றில் கலந்துகொண்டவர்கள் 1,012 பேர். 2020-ல் முடிவு வந்தது.

ஓட்ட வேகம் கூடியதா? இல்லை. தாண்டும் உயரம் கூடியதா? இல்லை. பலமும் தாக்குப்பிடிக்கும் சக்தியும் கூடியதற்கு ஆதாரம் இல்லை.

ஆனால் மறுநாள் வலி சுமார் 13 சதவீதம் குறைந்தது. உடல் வளைந்து கொடுக்கும் தன்மை 7 சதவீதம் கூடியது.

13 சதவீதம் கொஞ்சம்தானே என்கிறீர்களா? நாளைக்கும் மைதானத்தில் இறங்க வேண்டியவரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அது பெரிய விஷயம்!

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 11 வாலிபர்களைக் களைத்துப் போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ். இன்னொரு காலுக்குக் கிடையாது. பிறகு இரண்டு கால்களிலும் துளித் தசை எடுத்துச் சோதித்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சியைக் கிளப்பும் அறிகுறிகள் குறைவாக இருந்தன. ஆசிட் அளவில் மட்டும் வித்தியாசமே இல்லை.

இங்கேதான் ஆபத்து!

இதுவரை சொன்னது உழைத்துக் களைத்த தசைக்கு. அடிபட்ட தசைக்கு அல்ல!

கபடி ஆட்டம் நடக்கிறது. பாடிப் போனவரை மடக்கும்போது ஒருவர் முட்டி இன்னொருவர் தொடையில் 'ணங்'கென்று இறங்குகிறது. தொடை வீங்கி ரத்தம் கட்டிக்கொள்கிறது. உடனே கூட்டத்தில் ஒருவர் வருவார்.

"ஒண்ணும் இல்லப்பா. சூடா எண்ணெய் போட்டு நல்லா தேச்சு வுட்டா காலையில சரியாப் போயிடும்!"

நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தத் தேய்ப்புதான் வினை. உள்ளே உடைந்த சிறு ரத்தக்குழாய்கள் மீண்டும் கசியும். வீக்கம் கூடும். சிலருக்குக் கட்டிய ரத்தம் இருந்த இடத்தில், தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பித்துவிடும்! சில வாரம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். முழங்காலை மடக்க முடியாது. மாதக்கணக்கில் ஆட்டம் போச்சு. ஒரு வாரத்தில் தேறியிருக்க வேண்டிய பையன் ஒரு சீசனையே இழக்க நேரிடும்.

கணுக்கால் பிசகினாலும் இதே கதைதான். 'சுளுக்கு' என்று நாம் உருவி விடுவது, உள்ளே ஜவ்வுக் கிழிசலாக இருக்கலாம். எலும்பு முறிவாகக்கூட இருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

* அடிபட்ட முதல் 2, 3 நாட்களுக்கு அந்த இடத்தில் மசாஜ் கூடாது. சூடு ஒத்தடம் கூடாது. மதுவும் கூடாது.

* துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை 15, 20 நிமிடம் வையுங்கள். அளவாகக் கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து ஓய்வு எடுங்கள்.

* காலை ஊன்றி நாலு அடி நடக்க முடியவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் தொடவே தொடாதீர்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நெடுந்தூரம் பஸ்ஸிலோ ரயிலிலோ உட்கார்ந்து வந்த பிறகு இப்படி வந்தால் இன்னும் உஷார்!

* காயம் எதுவும் இல்லாத வெறும் உடம்பு வலியா? ஓடி முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் தாராளமாகப் பிடித்து விடச் சொல்லலாம். தாங்கக்கூடிய அழுத்தம் போதும். அலற வைத்தால்தான் பலன் என்பது பொய்.

* போட்டிக்குக் கொஞ்ச நேரம் முன்பு பலமான மசாஜ் வேண்டாம். தசை தளர்ந்து வேகம் குறையலாம். அந்த நேரத்தில் மெல்ல ஓடி உடம்பைச் சூடேற்றுவதே மேல்.

மசாஜ் நல்லதுதான். களைத்த காலுக்கு அது சுகம், மனசுக்கும் தெம்பு. பயிற்சி, சாப்பாடு, தூக்கம் இந்த மூன்றும் செய்கிற வேலையை அது செய்யாது. அவ்வளவுதான்.

எனவே அடுத்த தடவை ஆட்டத்தில் தொடையில் முட்டி இறங்கினால், தைலக் குப்பியைத் தேடாதீர்கள். முதலில் ஐஸ்கட்டியைத் தேடுங்கள்!