பத்திக் துணி வாங்கித் தந்த நிலம்

படைப்பது கலைஞரின் வேலை, விற்பது வேறு யாரோ பார்த்துக்கொள்ள வேண்டியது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது எவ்வளவு பிழையானது என்பதற்குச் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமமே சான்று. 1960களில் சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரைக் கவலை ஒன்று அரித்தது. திறமையான மாணவர்கள்கூட படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய்த் தூரிகையை மறந்துவிடுகிறார்கள். நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குவோரோ அன்றைய சென்னையில் மிகக் குறைவு. எனவே அவரும் மாணவர்களும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து, சங்கமாகச் சேர்ந்து விற்றார்கள். அப்படித் திரண்ட பணம்தான் 1966இல் கடலோர நிலமாயிற்று. சோற்றுக்குப் பத்திக் இருந்ததால், யாரும் வாங்காத ஓவியத்தையும் அவர்களால் துணிந்து தீட்ட முடிந்தது. விற்கத் தெரிந்ததே அவர்களுடைய கலைக்குச் சுதந்திரம் தந்தது என்பதுதான் நான் இதில் காணும் உண்மை.

சந்தையை நினைத்தால் கலை கெடும் என்பார்கள். அந்த ஆபத்து இல்லாமல் இல்லை. விற்ற படத்தையே திரும்பத் திரும்ப வரைந்து தேய்ந்துபோனவர்கள் உண்டு. ஆனால் ஒரே புரவலரையோ ஒரே இடைத்தரகரையோ நம்பியிருப்பவர்தான் அதிகம் வளைந்துகொடுக்க நேர்கிறது. தன் படைப்பை விரும்புவோர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அறிந்தவர், வேண்டாத வேலையை மறுக்கலாம். விற்பனையைப் பொருட்படுத்தாத மேதை என்று வான்கோவைக் காட்டுவதும் பொருந்தாது. இளமையில் அவர் ஓவிய வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; தம்பி தியோவும் ஓவிய வணிகர். இருவரும் அடுத்தடுத்து இறந்தபின், தியோவின் மனைவி ஜோஹன்னா கண்காட்சிகளுக்குப் படங்களை அனுப்பினார், எதை விற்பது எதை வைத்துக்கொள்வது என்று கணக்கிட்டார், 1914இல் வான்கோவின் கடிதங்களை நூலாக்கினார். அவருடைய பல்லாண்டு உழைப்பு இல்லாவிட்டால் வான்கோவின் சூரியகாந்தி ஓவியங்களை உலகம் இப்படி அறிந்திருக்குமா?

விற்கக் கற்பது என்றால் விளம்பரம் மட்டுமல்ல. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தை வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம். எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அதைக் காலண்டரில் அச்சிடும் உரிமை ஓவியரிடமே இருக்கும். ஆனால் பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டபடி உருவப்படம் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அந்த உரிமை கேட்டவருக்குப் போய்விடுகிறது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தின் விலையில் 10 சதவீதம் வரை பங்கு கேட்கவும் ஓவியருக்குச் சட்டம் இடம் தருகிறது. யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு விற்றோம் என்ற குறிப்பும் ரசீதும் இல்லாதவர் அந்தப் பங்கை எதைக் காட்டிக் கேட்பார்?

இதெல்லாம் கூச்ச சுபாவம் உள்ளவருக்கு ஆகாது, நேரமும் கெடும் என்பது நியாயமான மறுப்பு. எல்லாரும் வாசலில் நின்று கூவ வேண்டியதில்லை. விற்பனையைக் கேலரியிடமோ சங்கத்திடமோ ஒப்படைக்கலாம். ஆனால் ஒப்படைப்பவருக்குத் தரகு எவ்வளவு, பணம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும், விற்காத படம் எப்போது திரும்ப வரும் என்று கேட்கவும், வந்த பதிலைக் கையெழுத்துடன் வாங்கி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கலைக் கல்லூரிகள் இதைக் கடைசி ஆண்டுக்கு ஒத்திப்போடாமல், மாணவரின் முதல் படம் விலைபோகும் முன்பே சொல்லித்தர வேண்டும்.