மதுரையில் ஏறி கொச்சியில் இறங்கலாம்

கம்பத்தில் பஸ் ஏறித் தேனியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் மதுரை போகிறவருக்குச் செலவுக் கணக்கு சுலபம். இரண்டு டிக்கெட்டையும் கூட்டினால் போதும். ஸ்டேஜுக்கு இவ்வளவு என்று தூரத்தை அளந்து வைத்த விலை அது. விமானத்தில் இந்தக் கூட்டல் செல்லாது. போய்வரும் டிக்கெட், போக மட்டும் எடுக்கும் டிக்கெட்டைவிட மலிவாகக் கிடைப்பதுண்டு. இரண்டு விமானம் மாறிப் போவது, அதே வழியில் ஒரு விமானத்தில் மட்டும் போவதைவிடக் குறைவாக வருவதும் உண்டு. அங்கே தூரத்துக்கு விலை இல்லை. பயணம் முழுவதற்கும் சேர்த்துத்தான் விலை.

போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் துபாய், ரியாத், தோஹா மூன்று ஊர்களிலும் ஆட்களைப் பார்த்துவிட்டு வர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊருக்கு முதலில் போனாலும் அவருக்குச் சரிதான். மூன்று ஊர்களை 6 விதமாக வரிசைப்படுத்தலாம். புறப்பட மதுரை, திருச்சி, கொச்சி, திருவனந்தபுரம் என்று நான்கு விமான நிலையங்கள். திரும்பி இறங்கவும் அதே நான்கு. அது 16 ஜோடி. ஆக 96 வழி. மொத்தம் நான்கு கட்டப் பயணம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று தேதிகள் ஒத்துவரும் என்றால் 7,776. ஒவ்வொரு நாளும் ஐந்தைந்து விமானங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் 48 லட்சத்து 60 ஆயிரம்.

இன்னும் டிக்கெட்டுக்கே வரவில்லை. நான்கு கட்டத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம், நான்கு தனி டிக்கெட்டாகவும் எடுக்கலாம். முதலாவதையும் கடைசியையும் ஒரு ரவுண்ட் டிரிப்பாகப் போட்டு, நடுவில் உள்ள இரண்டைத் தனியாக வாங்கலாம். இப்படி நான்கைப் பிரித்துக் கட்ட 15 வழி உண்டு. கணிதத்தில் இதை எரிக் டெம்பிள் பெல் என்பவரின் பெயரால் பெல் எண் என்கிறார்கள். ஐந்து கட்டம் என்றால் அது 52. பத்து கட்டம் என்றால் 1,15,975. நம் வியாபாரியின் கணக்கு 7 கோடியே 29 லட்சத்தில் வந்து நிற்கிறது. மூன்றே மூன்று ஊருக்கு!

எண்ணிக்கை மட்டும் பெரிதென்றால் வேகமான கணினி சமாளித்துவிடும். உண்மையான முடிச்சு கட்டண விதிகளில் இருக்கிறது. இந்தக் கட்டணத்தோடு அந்தக் கட்டணம் சேராது, இத்தனை நாள் தங்கினால்தான் இந்த விலை, இந்த ஊர் வழியாகப் போனால் செல்லாது என்று ஒவ்வொரு கட்டணத்துக்கும் பின்னால் பக்கம் பக்கமாக நிபந்தனைகள். ஒரு கட்டத்தில் செய்யும் தேர்வு இன்னொரு கட்டத்தின் விலையை மாற்றிவிடும். இதைக் கணிதமாக எழுதிப் பார்த்தவர் கார்ல் டி மார்க்கன். 1996-ல் எம்.ஐ.டி. ஆட்கள் தொடங்கிய ஐ.டி.ஏ. சாஃப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். போகவேண்டிய விமானங்களை முன்பே முடிவு செய்துவிட்டாலும் மிகக் குறைந்த கட்டணத்தைக் கண்டுபிடிப்பது கணினிக்கு மிகக் கடினமான கணக்குகளின் வகையில் சேரும் என்று 2003-ல் அவர் காட்டினார். எத்தனை விமானம் வேண்டுமானாலும் மாறலாம் என்று வரம்பை எடுத்துவிட்டால், எல்லாச் சமயத்திலும் சரியான விடை சொல்லும் நிரலை எழுதவே முடியாது. 1936-ல் ஆலன் டூரிங் கண்டுகாட்டிய அதே சுவர்தான் இது. அந்த ஐ.டி.ஏ.வைத்தான் 70 கோடி டாலருக்கு வாங்கி, 2011-ல் தன் விமானத் தேடலைத் தொடங்கியது கூகுள்.

ஆகவே திரையில் 'மலிவானது' என்று வருவது, தேடிப் பார்த்தவற்றுள் மலிவானது, அவ்வளவுதான். இயந்திரம் பெரும்பாலான வழிகளைத் தொடாமலே தள்ளிவிட்டு, தேறும் என்று தோன்றுபவற்றை மட்டும் பார்க்கிறது.

விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1972-ல் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் சொன்னது. ஒரே இருக்கையை இன்று 5,000 ரூபாய்க்கு விற்கலாம். காத்திருந்தால் கடைசி நேரத்தில் ஒருவர் 12,000 ரூபாய் கொடுக்கலாம். அப்படி ஒருவர் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 42-ஐத் தாண்டினால் மலிவு விற்பனையை நிறுத்திவிடு என்பது அவர் விதி. ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. இன்றும் இருக்கைகளை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலை வைத்து விற்பது இந்த யோசனையின் வாரிசுதான். குடும்பமாகப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மலிவு வகையில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்று வையுங்கள். நான்கு பேருக்குச் சேர்த்துக் கேட்டால் பல சமயம் நான்கு பேருக்கும் அடுத்த விலையே காட்டும். ஒருவருக்கு மட்டும் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

தேனிக்காரர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. பெரிய விமான நிலையம் உள்ள ஊர்க்காரர் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், அவர் வீடு அங்கே. நமக்கு எங்கே இறங்கினாலும் மிச்ச வழிக்கு வண்டி பிடித்தே ஆகவேண்டும். தேசிய நெடுஞ்சாலை 85, கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு வருகிறது. கம்பத்துக்காரருக்குக் குமுளி வழி இருக்கிறது. மதுரையில் ஏறி, கொச்சியில் இறங்குவது நமக்குச் சுற்றே அல்ல. 2023 ஜூனில் போடிவரை சென்னை ரயில் வந்தபிறகு சென்னையையும் பட்டியலில் சேர்க்கலாம். இயந்திரத்துக்கு இது தெரியாது. 'மல்டி சிட்டி' பகுதியில் கடைசி ஊராகக் கொச்சியை நாமே எழுதினால்தான் பார்க்கும்.

தனித்தனி டிக்கெட்டாக வெட்டி எடுப்பதில் பணம் மிஞ்சலாம், ஆனால் துணிச்சலுக்கும் அளவு வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டை விற்ற நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க விமானம் மாறும் நாட்டின் குடியேற்றச் சோதனையைத் தாண்டவேண்டி வரும், அதற்கு விசா கேட்கலாம். ஒரே டிக்கெட்டில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டால் பின்னால் உள்ளவை பெரும்பாலும் ரத்தாகிவிடும். சென்னையில் ஏறிக்கொள்ளலாம் என்று மதுரை விமானத்தை விட்டுவிடக் கூடாது.

கொச்சி வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து வரும் வண்டி வாடகையையும் கூட்டிக்கொண்டே ஒப்பிடட்டும். நால்வர் சேர்ந்தால் தாங்கும், ஒருவர் என்றால் மிச்சம் பிடித்ததெல்லாம் மலையேறுவதிலேயே போய்விடும். ஜூன், ஜூலையில் மூணாறு பக்கம் மண் சரிந்தால் போடிமெட்டுப் பாதை அடைபடும். அந்த மாதங்களில் காலையில் வந்திறங்கும் விமானமாகப் பார்த்து, முந்நூறு ஐந்நூறு கூடுதலானாலும் எடுப்பது நல்லது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே குமுளிக்கு வண்டியைத் திருப்பிவிடலாம்.